நாக்குக்கு அடியில்

இப்போது எனக்கு வலிப்பு வருவதில்லை. அந்த டாக்டரை நினைத்தால் வரும் கோபம் மட்டும் இன்னும் குறையவில்லை.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பருத்தி விதையும் உரமும் விற்கிற கடை. காலைப் பிரேயரில் விழுவேன், கணக்கு வகுப்பில் விழுவேன். விழுந்தது எனக்குத் தெரியாது. கண் விழிக்கும்போது சுற்றி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஆனால் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

எங்களுக்கு வைத்தியம் பார்த்த ஊர் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், மாற்றினார், இன்னொன்றைச் சேர்த்தார். அப்போதும் நிற்கவில்லை என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "இவ்வளவு மருந்துக்கு நிக்காம இருக்காது. பிள்ளை மாத்திரையைத் துப்பிருதா. வாயைத் தொறந்து பாருங்க. நாக்குக்கு அடியிலயும் பாருங்க."

மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டது. கடை திறக்கப் போகிற அவசரத்திலும், நான் மாத்திரையை விழுங்கியதும் அப்பா டம்ளரை வாங்கி வைத்துவிட்டு என் எதிரே குனிவார்.

"ஏட்டி, வாயைத் தொற. நாக்கைத் தூக்கு."

சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவரைப் போலப் பார்ப்பார். அதற்குப் பிறகும் நான் விழுந்துவிட்டால், "எங்கட்டி ஒளிச்சு வைக்கே?" என்பார். மருந்துத் தூக்கத்தில் வகுப்பில் தலை தொங்கிக் கிடந்தவளுக்கு, எடுக்காத பொருளுக்குத் திருடிப் பட்டம் வேறு. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் அழுத்தக்காரி. என்னதான் செய்வது?

அம்மா ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லப் பார்ப்பாள். நான் கைக்குழந்தையாக எப்போதும்வென்றான் என்கிற ஊரில் அவளுடைய பிறந்த வீட்டில் இருந்தபோது, காய்ச்சலில் முதல் வலிப்பு வந்ததாம். ஐப்பசி மழை. கரிசல் சேற்றில் கார்ச் சக்கரம் பதிந்து, ஆள் சேர்த்துத் தள்ளி, கோவில்பட்டிக்கு வந்து சேரும்வரை என் வலது கையும் காலும் வெட்டிக்கொண்டே இருந்தனவாம்.

"டாக்டரய்யா, இவ கைப்பிள்ளையா இருக்கும்போது..." என்று தொடங்குவாள்.

"பழைய கதை எதுக்கும்மா? இப்ப மாத்திரை ஒழுங்காக் குடுக்கீங்களா, இல்லையா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளுக்கு மணியடிப்பார்.

கடைசியில் மதுரைக்குப் போனோம். அங்கிருந்த நரம்பு டாக்டரம்மா முதலில் கேட்டதே, "முதல் வலிப்பு எப்ப வந்துச்சு?" என்றுதான். அம்மா மழை, சேறு, கார் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. ரத்தம் எடுத்தார்கள்; தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டிய அளவு இருந்தது. மூளையின் இடது பக்கத்தில், அந்தக் காய்ச்சல் வலிப்பின் தழும்பும் இருந்தது.

"உறுதியாச் சொல்ல முடியாதுதான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா கைக்குழந்தையில அவ்வளவு நேரம் வலிப்பு, அதுவும் ஒரு பக்கமா. அப்புறம் ரெண்டு மருந்து சரியான அளவுல குடுத்தும் நிக்கலை. இந்தப் பிள்ளைக்கு மாத்திரை கேக்காதுன்னு அப்பவே சந்தேகப்பட்டிருக்கலாம். அந்தத் தழும்பை எடுக்கிற ஆபரேஷனுக்கு அப்பவே அனுப்பியிருக்கலாம்."

அப்பவே! என் வாய்க்குள் தேடிய நேரத்தில் அம்மாவின் வாயிலிருந்து வந்ததைக் கொஞ்சம் கேட்டிருந்தால் போதும். எத்தனை வருஷம் நான் விழுந்திருக்க வேண்டாம்! திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆபரேஷன்வரை பழைய மாத்திரையையே தொடரச் சொல்லியிருந்தார்கள். அதற்குச் சீட்டு வாங்க ஊர் டாக்டரிடம் போனோம். மதுரையில் சொன்னதை அப்பா ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சீட்டை எழுதி நீட்டினார்.

"நல்லது. அதுவரைக்கும் பிள்ளை முழுங்குதாளான்னு மட்டும் பாத்துக்கிடுங்க."

அப்பா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் எழுந்து மேசையருகே போய் வாயை அகலத் திறந்தேன். நாக்கைத் தூக்கினேன்.

"சரிம்மா, சரிம்மா" என்றார் டாக்டர்.

நான் மூடவில்லை. குனிந்து நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். அவர் மணியடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்து என் பின்னால் நின்றார். அப்போதும் நான் வாயை மூடவில்லை.