வாசலில் விட்ட ஷூ

உமாபதி என் ரூம்மேட். பஹ்ரைனில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதினான். லண்டன்காரர்கள் நடத்தும் கணக்குப் பரீட்சையில் தேறினால் ஈசா டவுனில் ஃபேமிலி வீடு தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அவன் மூன்று தடவை கோட்டைவிட்டிருந்தான். கல்யாணமான கையோடு விட்டுவிட்டு வந்த மனைவி பத்மா, திருச்சியில் அவன் அப்பா அம்மாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் இவன் சாப்பிடாமல் கிடப்பான். சமைப்பவன் நான் என்பதால் எனக்கு அது பிடிக்காது.

எழுபத்தொன்பதில் அவர்கள் மேனேஜருக்கு மஞ்சள் காமாலை வந்ததால், சரக்கு பார்க்க இவன் சீனாவுக்குப் போனான். கிளம்புமுன் பத்மா ட்ரங்க் காலில் கத்தினாள்.

"பழைய ஷூவை அங்க ஏதாவது கோயில்ல விட்டுட்டு வந்துடுங்க. பீடை ஒழியும்."

பஹ்ரைனிலேயே, மனாமா கோயிலில் ஏற்கெனவே ஒரு ஜோடியை விட்டும் பலிக்கவில்லை. இருந்தாலும் சரி என்றான்.

சீனாவில் வேலை முடிந்ததும், மொழிபெயர்ப்பாளர் லின் ஒரு பழைய கோட்டை வாசலைக் காட்டினார். அந்தக் காலத்தில் ராஜாங்கப் பரீட்சை எழுத வந்த பண்டிதர்கள் அதன் வழியாகத்தான் ஊருக்குள் நுழைவார்களாம். சுவரில் ஒரு கவிதை செதுக்கியிருந்தது. கடைசிவரை தேறாத ஒரு கவிஞர், தனக்காக ஊரில் காத்திருந்த மனைவியைப் பற்றி எழுதியது.

"கவிதை இருக்கட்டும். கடைசியில அவங்க ஒண்ணு சேர்ந்தாங்களா?" என்று உமாபதி கேட்டான்.

"அது கவிதையில் இல்லை" என்றார் லின்.

உமாபதி வாசலை ஏற இறங்கப் பார்த்தான். படிப்புக்கு இதைவிடச் சக்தியுள்ள இடம் கிடைக்காது என்று முடிவுசெய்து, லின் அந்தப் பக்கம் திரும்பியபோது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். சாக்ஸோடு காருக்கு நடந்தான்.

சாயங்காலம் ஷூ லின் கையில் ஹோட்டல் அறைக்கு வந்துவிட்டது. நன்றி சொல்லி வாங்கி, மறுநாள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் செருப்போடு கிளம்பினான். ரயில் நிலையத்தில் ஹோட்டல் பெண் ஒருத்தி ஷூவும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வந்தாள். பிறகு ரயிலிலேயே விட்டுப் பார்த்தான். விருந்தாளியின் பொருள் தொலைந்தால் சீனாக்காரர்களுக்கு மானக்கேடாம். பரீட்சைக்கு முதல் நாள் மனாமா ஆபீஸுக்கு அதே ஷூ பார்சலில் வந்தது. பாலிஷ் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அதை மடியில் வைத்துக்கொண்டு உமாபதி அழுதான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"டேய், பரீட்சையைக் கையாலதானே எழுதப்போற? எந்திரிச்சு சாப்பிடு" என்றேன்.

வேறு ஷூ இல்லாததால் அதையே மாட்டிக்கொண்டு போய் எழுதினான். பாஸ் செய்துவிட்டான்.

பத்மாவை அழைத்துவர விமான நிலையத்துக்கு நானும் போனேன். அவள் பார்வை நேராக அவன் காலுக்குத்தான் போனது.

"இதை விட்டுட்டு வரச் சொன்னேனே?"

"விட்டேன் பத்மா. திரும்பி வந்துடுச்சு."

"என்னையுந்தான் விட்டுட்டு வந்தீங்க" என்று அவள் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். "வந்துட்டேன்ல?"

உமாபதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு முகம் காட்டாமல் முன்னால் நடந்தான்.