எங்கட ஆளின்ர வாத்து

வாத்தின் வயிற்றுக்குள் ஆப்பிளும் உலர்ந்த பிளம்ஸும் அடைத்து அவண் அடுப்பில் வைத்திருக்கிறேன். கொழுப்பு உருகும் மணம் படிக்கட்டு வரை போகிறது. நவம்பர் பத்தாம் திகதி மாலையில் டென்மார்க்கின் பல வீடுகளில் இதே மணம்தான்.

ரண்டர்ஸ் நகரில் நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது, பக்கத்து வீட்டு லோனே இந்த வாத்து விருந்துக்கு என்னைக் கூப்பிட்டாள். எனக்குப் போக ஆசை. மன்னார்க் கத்தோலிக்கரான அப்பா, வேலையால் வந்து சப்பாத்துகளை வாசலில் நேராக அடுக்கியபடியே மறுத்தார்.

"அது ஐந்நூறு வருசத்துக்கு முன்னம் எங்கட சபையைப் பிரிச்ச ஜெர்மன் சாமியாரின்ர பிறந்தநாள் சாப்பாடு. போகவேண்டாம்."

அன்று காலை வகுப்பில் படித்ததைச் சொன்னேன். "அவர் பிறந்தது இண்டைக்குத்தான், அப்பா. தகப்பன் செம்புச் சுரங்கத்தில வேலை. அடுத்த நாளே ஞானஸ்நானம் குடுத்து, அந்த நாளுக்குரிய புனிதரின்ர பேரை வைச்சவையாம். ஆனா வாத்து, நாளைக்கு வாற அந்தப் புனிதரின்ர திருநாளுக்குத்தான்."

குசினிக்குள் இருந்து அம்மா கேட்டார்: "செபஸ்தியார் திருநாளில பிறந்தவளுக்கு நீங்களும் செபஸ்தியம்மா எண்டுதானே பேர் வைச்சனீங்கள்?"

அப்பா சப்பாத்தை விட்டு நிமிர்ந்தார்.

"அப்ப பிறக்கேக்க அவரும் எங்கட ஆள்."

"ஓம் அப்பா."

"வாத்தும் எங்கட ஆளின்ர. போயிட்டு வா, பிள்ளை."

போய், தோலோடு இரண்டு துண்டு சாப்பிட்டேன். அப்பாவுக்கும் ஒரு துண்டு சுற்றித் தந்தார்கள்.

இப்போது தொலைபேசி அடிக்கிறது. வயதான அப்பா பேருந்தில் வந்துகொண்டிருக்கிறார்.

"செபா, எங்கட ஆளின்ர வாத்து வெந்திட்டுதோ?"