விதானையார் வீட்டுப் படலை

நான் பிழைக்க வந்த டூட்டிங்கில் என்னோடு பெயிண்ட் அடிக்கும் ஈரான்காரன் ரேசா, பிளாஸ்கைச் சரித்துத் தேநீர் ஊற்றியபடி அரைகுறை இங்கிலீசில் சொன்னான்:

"அந்தக் காலத்தில ராசா பேருக்குத்தான். எங்கட மலையில குலத்துக்குப் பெரியவர் கான், அவர் சொல்லுறதுதான் சட்டம். கானுக்குக் கீழ என்ர பூட்டன் தலைவர். ஆட்டிடையன் வழக்கோட வந்தாலும் கூடாரத்துக்குள்ள இருத்தித் தேத்தண்ணி குடுத்துத்தான் விசாரிப்பார்."

தேநீர் விழுந்த அந்தச் சத்தம் என்னை ஊருக்குக் கொண்டுபோனது. அப்பா ஊர்த்தலைமை பார்த்த விதானை. குறைந்த சாதியென்று நாங்கள் ஒதுக்கிய சனம் வழக்கோடு வந்தால் வேலி வாசலின் படலைக்கு வெளியே வெயிலில் நிற்கும். அம்மா செம்பை உயரத் தூக்கி ஊற்ற, குனிந்து ஏந்திய கைகளில் விழுந்து முழங்கை வழியே ஒழுகும் தண்ணீரைப் பெருமையோடு பார்த்து வளர்ந்தேன். இன்று அந்த வீடும் இல்லை, படலையும் இல்லை.

"உன்ர அப்பாவும் ஊர்த்தலைவரெல்லே? வந்தவைக்கு என்ன குடுப்பார்?"

"தண்ணி."

"நல்ல மனுசன்," என்றான் ரேசா.

எனக்கு அவன் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.