சந்தனசாமியின் வலது கன்னம்

தெப்ராவ் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சந்தனசாமியின் தாடி முள்கம்பி மாதிரி. ஒவ்வொரு சவரத்திலும் முகத்தில் வெட்டு விழும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடுவது நான். 1932இல் பொந்தியானிலிருந்து, அவருக்குப் பேசியிருந்த பெண் ஐலீனும் அவள் வீட்டாரும் மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, காயமில்லாத முகத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று என்னைப் பஞ்சோடு வரச் சொல்லியிருந்தார்.

முடியை எது இளக்கும் என்று வலது கன்னத்தில் தேங்காயெண்ணெய், இடது கன்னத்தில் சுடுகஞ்சி தடவிப் பார்த்தார். இரண்டின் மேலும் சோப்பு நுரை. புது பிளேடு வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

"அக்கா, ஒரு சொட்டு ரத்தம் இல்ல!" என்று அவர் குதிக்கவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். இடது கன்னத்தில் கஞ்சி காய்ந்து விறைத்திருக்க, அப்படியே போய் வரவேற்றார்.

"அலமாக், ஐயையோ! பாதி மாப்பிள்ளதான் இருக்காரு," என்று ஐலீன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் அப்பா முகம் சுளித்தார். "சவரத்தையே முடிக்கத் தெரியல. கெளம்பு, போலாம்."

"முடிச்ச பக்கத்தப் பாருங்கப்பா, ஒரு கீறல் இல்ல. உங்க தாடையப் பாருங்க!"

அவர் தாடையில் மூன்று இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. சந்தனசாமியின் வலது கன்னத்தை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த எண்ணெயக் கொண்டாங்க, மாப்பிள்ள."

நான் வெந்நீர் வைக்கப் போனேன்.