விருந்துக்கு வந்த இறால்

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் இரண்டு சாதி. கொல்லைக் கிணற்றில் இருந்தது உப்புத் தண்ணி. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அம்மா தொலைவிலிருந்து சுமந்து வருவது நல்ல தண்ணி. அது குடிக்க, முக்கியமாக, விருந்தாளிக்குக் கொடுக்க. வந்தவருக்கு உப்புத் தண்ணி நீட்டிய வீட்டை ஊர் மறக்காது.

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறையில், கடலூர்ப் பக்கம் இறால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மாமா, குடம் நிறையக் கடல் தண்ணீரும் அதில் நான்கு இறால்களுமாக பஸ்ஸை விட்டு இறங்கினார். எங்கள் கிணற்றில் இறால் வளர்த்து இந்த வறண்ட சீமையைத் திருத்துவது அவர் திட்டம்.

"மொதல்ல மீசைய வளத்துங்க மாப்ள. எறால அப்பறம் வளக்கலாம்" என்றார் அப்பா.

குடம் நாறத் தொடங்கியதும் மாமா மாற்றுத் தண்ணீர் கேட்டார். வந்திருப்பது விருந்தாளிகளாயிற்றே, அம்மா அண்டா நிறைய நல்ல தண்ணியை ஊற்றினாள். மாமா சமையல் உப்பை அள்ளிப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, "கடலேதான்" என்று தீர்ப்பளித்தார். மூன்று இறால்களை அதற்குள் விட்டார். நான்காவது கைக்கு அகப்படாமல் குடத்திலேயே தங்கிவிட்டது.

மறுநாள் மூன்றும் மிதந்தன. மாமா திடீரென்று பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணத்தை நினைவுபடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மிச்சமிருக்கறத கொழம்புல போடு" என்றார் அப்பா.

"நான் வளக்கறேன்" என்றேன். எனக்கு வயது ஒன்பது. பிடிவாதத்துக்கு இன்னும் மூப்பு.

"வளத்துக்க" என்றாள் அம்மா. "நல்ல தண்ணியத் தொட்டின்னா கைய ஒடிப்பேன்."

எனவே உப்புத் தண்ணிதான். வாளி இறைக்கத் தெம்பில்லாததால், கிணற்றடித் தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றுவேன், குடத்திலிருந்து ஒரு டம்ளர் கோரிக் கொட்டுவேன். விடுமுறை நாளெல்லாம் இதே வேலை. இறாலோ ஓரமாக நின்று கால்களை விசிறிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் சும்மாவே இருக்குதுங்க" என்றார் அப்பா. அந்தக் கருத்துடையவர்கள் இன்றும் என் வீட்டில் உண்டு.

மாமா திரும்பி வந்த காலை, குடத்தில் இறால் மிதந்தது. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அழுதுகொண்டே எடுத்தேன். வெங்காயத் தோல் போலக் கனமே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் இன்னொன்று, கண்ணை உருட்டிக்கொண்டு.

"மாமா, குட்டி போட்டிருக்குது!"

"தோல உரிச்சிருக்குது கண்ணு" என்றவர் அப்பாவைப் பார்த்து அரும்பு மீசையைத் தடவினார். "நான்தான் சொன்னேன்ல மாமா?"

அப்பா அம்மாவிடம், "கொழம்புக்குக் கத்திரிக்காயே வையி" என்றார்.

உப்புக் குறைந்த தண்ணீரில் நிற்பது இறாலுக்கு ஒகேனக்கலில் ஓட்டைப் பரிசலில் உட்கார்ந்திருப்பதைப் போல. உடம்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். உப்பு கசிந்துகொண்டே இருக்கும். ஏறியதை வெளியே தள்ளி, போனதைச் செவுளால் இழுத்துப் பிடித்து, ஓயாமல் உழைத்தால்தான் சும்மா நிற்க முடியும். புது ஓட்டுக்கு, அம்மா தேய்த்துத் தேய்த்துச் சபித்த அதே கிணற்றுச் சுண்ணாம்பு வேண்டும். சமையல் உப்பில் அது எங்கே இருக்கிறது?

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. விருந்தாளிக்கு உப்புத் தண்ணி கொடுத்துவிட்ட வெட்கம் மட்டுமே இருந்தது. யாரும் இல்லாதபோது குடத்தின் மேல் குனிந்து, "நல்ல தண்ணி தீந்துபோச்சு, கோவிச்சுக்காத" என்றேன்.