கல்லில் கண்ட கொண்டை

சித்தியின் தலைமுடி உதிர்ந்த பிறகுதான் எங்கள் மாமாவுக்குச் சிலைப் பித்து பிடித்தது. அதற்கு முன்னால் அவர் கோயிலுக்குப் போனால் சுண்டலுக்காகத்தான் போவார் என்று வீட்டில் பேச்சு.

சித்தி என் அம்மாவின் தங்கை. மாமா அவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவர். அம்பாசமுத்திரம் தாலுகா கச்சேரியில் நில அளவைப் படங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பது அவர் உத்தியோகம். வயலையும் வரப்பையும் கோடுகோடாக வரைந்த கைக்கு ஒரு பூவையோ முகத்தையோ வரையும் ஆசை இருந்தது என்பது அந்த வருஷம்தான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தியின் கல்யாணத்துக்காக நானும் அம்மாவும் ஆற்றங்கரையில் இருந்த தாத்தா வீட்டுக்கு வெகு முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தோம்.

திருநெல்வேலியிலிருந்து பெண் பார்க்க வந்தபோது சித்தியின் சடை முழங்காலைத் தொட்டது. மாப்பிள்ளையின் அக்காள் அதைக் கையில் ஏந்திப் பார்த்து, இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு எப்படி நிமிர்ந்து நடக்கிறாள் என்று கேட்டாராம். அவருக்கே அதைவிட நீளமான சடை. அப்படிப்பட்டவர் புகழ்ந்ததில் தாத்தாவுக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. தை மாதத்தில் முகூர்த்தம் என்று நிச்சயமாயிற்று.

ஆவணியில் சித்திக்குக் காய்ச்சல் கண்டது. இருபத்தொரு நாள் கிடந்தாள். உயிர் பிழைத்தது; முடி பிழைக்கவில்லை. சீப்பை வைத்தால் சீப்போடு வந்தது. கடைசியில் பிடரிவரைக்கும் மெல்லிசாகக் கொஞ்சம் மிஞ்சியது. அந்தக் காய்ச்சல் வந்த பெண்ணுக்குப் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆகவே வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குத் தனியாகவும் கண்டிப்பாகவும் சொல்லப்பட்டது.

திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்கியதாகச் சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. முருகன் பெயரில் பொய் சொல்வதா என்று தாத்தா கொதித்துப் போனார். சம்பந்தியிடம் ஒன்றுமே சொல்லாமல் மறைப்பது அவர் கணக்கில் பொய்யில் சேராது. சரி, சவுரி வைத்துப் பின்னிவிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவருடைய அக்காள் போடுவது எங்களில் வழக்கம். அதற்காக அவர் பெண்ணின் பின்னால் நின்று சடையைத் தூக்கி ஒதுக்குவார். ஏற்கெனவே அந்தச் சடையைக் கையில் ஏந்திப் பார்த்தவர். சவுரியைத் தொட்டால் அவருக்குத் தெரியாதா? கொஞ்சம் இழுபட்டால் பந்தலில் அத்தனை பேர் முன்னாலும் கையோடு வந்துவிடாதா? சித்தி ராத்திரி பகலாக இதை நினைத்தே மறுபடி இளைத்தாள்.

மாமா அப்போதுதான் கிருஷ்ணாபுரத்துக்குக் கிளம்பினார். அந்தக் கோயில் தூண்களில் ஆள் உயரப் பெண் சிலைகள் இருப்பதாகக் கச்சேரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னையும் கூட்டிப்போனார். அதற்கு முந்தின வருஷம் எனக்கு மொட்டை போட்டிருந்ததால் என் முடியும் பிடரிவரைதான் இருந்தது. அளவு பார்க்க ஒரு தலை வேண்டும், உன் தலை சும்மாதானே இருக்கிறது என்றார்.

ரயிலில் திருநெல்வேலிவரை போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் பாலம் கடந்து பாளையங்கோட்டை வழியாகப் போனோம். நெற்றி நிறையத் திருநீற்றோடு பெருமாள் கோயிலுக்குள் நுழைந்த மாமா, சந்நிதியைத் திரும்பியும் பாராமல் தூணுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்ததை அர்ச்சகர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சுவாமி அந்தப் பக்கம் இருக்கிறார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மத்தியானத்தை நான் இன்னும் முழுதாக விட்டு வெளியே வரவில்லை என்று சில சமயம் தோன்றுகிறது. வெளியே வெயில் கொளுத்த, மண்டபத்துக்குள் மட்டும் விடியற்காலை மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம். வரிசையாக நின்ற அந்தப் பெண்களுக்குக் கல்லில் நகம் இருந்தது. கையில் ஓடும் நரம்புகூடத் தெரிந்தது. ஒருத்தி இடது காதுக்கு மேலே சரித்துக் கொண்டை போட்டிருந்தாள். அதைச் சுற்றி மூன்று வரிசை பூ, உச்சியில் ஒரு பிறை. நான் அவள் காலடியில் சாய்ந்து எப்போது தூங்கினேனோ தெரியாது. பாதித் தூக்கத்தில் பார்த்தபோது அவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்து, யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணைத் திறந்தது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். மாமா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கி நிறுத்தினார்.

“இவளுக்கு எவ்வளவு முடி இருக்குன்னு நினைக்கே? கல்லுக்கு ஏதுட்டி முடி? இருக்க மாதிரி காட்டியிருக்கான், அவ்வளவுதான்.”

ஊருக்குத் திரும்பியதும் நெட்டித் தக்கையில் ஒரு வளையம் செய்து என் தலையில் இடது பக்கமாக வைத்தார். முடியை அதன்மேல் இழுத்துப் பரப்பி, ஒரு முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே செருகி, சுற்றிலும் பிச்சிப்பூவைக் கட்டினால் கல்லில் நின்றவளின் கொண்டை அப்படியே வந்துவிட்டது. ஒரு சாண் முடி போதும். தூக்கி ஒதுக்கச் சடையும் இல்லை. சித்தி கண்ணாடியில் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஆனால் கல்யாணப் பெண் என்றால் ராக்கொடியும் குஞ்சலமும் வைத்த நீளச் சடை என்று இருந்த காலம் அது. திடீரென்று ஒருத்தி கொண்டையோடு வந்து மணையில் உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? தலை மட்டும் பழசாக இருந்தால் எல்லார் கண்ணும் தலைக்குத்தான் போகும், கல்யாணமே பழசாக இருக்கட்டும் என்று மாமா தீர்மானித்தார். தாத்தா ஆசை ஆசையாகச் சென்னையிலிருந்து வரவழைக்க இருந்த வண்ணக் கண்ணாடிக் குண்டு விளக்குகள் வேண்டாமென்று நிறுத்தப்பட்டன. பரணில் கிடந்த பித்தளைத் தூக்கு விளக்குகள் புளி போட்டுத் துலக்கப்பட்டன. காகிதப் பூவுக்குப் பதிலாகத் தென்னங்குருத்தில் கிளியும் குருவியும். பஃப் கை வைத்த ரவிக்கை கூடாது. சிலையில் இருப்பதுபோல் ஒட்டிய கைதான். “ஏலே, நீ கல்யாணம் நடத்துதியா, கூத்து நடத்துதியா?” என்று தாத்தா ஒருநாள் கேட்டே விட்டார்.

படித்துறையிலும் சந்தையிலும் கச்சேரியிலும் மாமா ஒரே பேச்சாகப் பேசினார். சடை என்பது வடுகர் கொண்டுவந்த பழக்கம், நம் முன்னோர் வீட்டுப் பெண்களுக்குக் கொண்டைதான் என்று அடித்துச் சொன்னார். அந்தச் சிலைகளைச் செய்வித்ததே வடுகரான நாயக்கர்கள்தான் என்று பல வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தபோது அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. ஊரில் அவருக்குக் கொண்டைப்பிள்ளை என்று பெயர் விழுந்தது. அதைக் கேட்டால் அவர் தலையை ஆட்டிச் சிரித்துக்கொள்வார்.

எல்லாம் இப்படி நன்றாக நடந்துகொண்டிருந்ததைக் கெடுத்தவள் நான்.

கார்த்திகைக் கடைசியில் மாப்பிள்ளையின் அக்காள் அளவு ரவிக்கை வாங்கிப்போக வந்தார். சித்திக்கு அவசர அவசரமாகச் சவுரி வைத்துப் பின்னிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். துணைக்கு என்னை அனுப்பினார்கள். படித்துறையில் அவர் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தார். தாமிரபரணி பாபநாசத்து மலையின் குளிர்ச்சியோடு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் சடை படியில் சரிந்து நுனி தண்ணீரில் மிதந்தது. நனையப்போகிறதே என்று நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அத்தனை முடியை நான் தொட்டதே இல்லை.

“அத்தை, இது பூராவும் உங்க முடிதானா?”

அவர் சிரித்தார். பின்னே வேறு யார் முடி என்று கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே, சித்திக்குப் பாதிக்கு மேல் சவுரி என்றும், கல்யாணத்தன்று அதுகூட வேண்டாம், கல்லில் இருக்கிற கொண்டைக்கு ஒரு சாண் முடி போதும் என்று மாமா சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. காய்ச்சலில் உதிர்ந்ததா, எத்தனை நாள் கிடந்தாள் என்று மட்டும் கேட்டார். இருபத்தொரு நாள் என்றேன். பிறகு என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து சடையை அவிழ்த்தார்.

“அந்தக் கொண்டையை எனக்குப் போட்டுக் காட்டு, பாப்போம்.”

என் சின்னக் கைக்கு அந்த முடி அடங்கவில்லை. மூன்று தரம் சரிந்து விழுந்தது. எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எங்கே முறுக்க வேண்டும், நுனியை எப்படி ஒளிக்க வேண்டும் என்று வாயாலும் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் மறுபடி சடையைப் பின்னி முடித்து எழுந்தார்.

“இங்கன பேசினதை இங்கனயே விட்டுரணும், என்ன? நானும் விட்டுருதேன்.”

அதை நான் நம்பவில்லை. மார்கழி முழுக்கத் தபால்காரர் தலை தெரிந்தால் நான் மாட்டுத்தொழுவத்தில் போய் ஒளிந்துகொண்டேன். கல்யாணம் வேண்டாம் என்று கடிதம் வரும், சித்தி மறுபடியும் படுத்துக்கொள்வாள், எல்லாம் என் வாயால் வந்தது என்று தினமும் அழுதேன். கடிதம் வரவில்லை. அப்படியானால் பந்தலில் வைத்துத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முகூர்த்த நாள் காலையில் மாமாவும் அம்மாவும் சேர்ந்து சித்திக்குக் கொண்டை போட்டார்கள். பித்தளை விளக்குகளின் வெளிச்சத்தில் அவள் அந்த மண்டபத்திலிருந்து இறங்கி வந்தவள் போலவே இருந்தாள். அவ்வளவு அழகான பெண்ணை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வாசலில் மேளம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூறைப்புடவைத் தட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் அக்காள் முகத்தைத் தேடினேன்.

அவர்தான் முதலில் வந்தார். முழங்காலுக்குக் கீழே தொங்க வேண்டிய அந்தச் சடையைக் காணோம். இடது காதுக்கு மேலே சரிந்து, மட்டை உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு கொண்டை. சுற்றிலும் மூன்று வரிசை பிச்சிப்பூ. அவருக்குப் பின்னால் வந்த தங்கைமார், மைனிமார், அத்தைமார் எட்டுப் பேரும் அப்படியே. வாசலில் நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் வாயில் கைவைத்தார்கள். திருநெல்வேலியிலும் இப்போது இதுதான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த மாமா செம்பை அப்படியே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றதில் ஒரு பெரியவரின் அங்கவஸ்திரம் முழுதும் நனைந்துபோனது.

பயம் போன இடத்தில் எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது. எவ்வளவு நேரம் மாமா தூணுக்குத் தூண் உட்கார்ந்து வரைந்தது, எத்தனை நாள் நான் தலையைக் கொடுத்தது! சித்திக்கு மட்டும் என்று வைத்திருந்த ஒன்றை இவர்கள் இப்படிக் கும்பலாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்களே. அதுவும் அவர்கள் முடிக்கு அது பெரிசாக அல்லவா இருக்கிறது. நான் உள்ளே ஓடி, உன் கொண்டையைத் திருடிவிட்டார்கள் என்று சித்தியிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

“எல்லாருமா?” என்றாள் சித்தி. எல்லாருந்தான் என்றேன். அவர் அக்காளுமா என்று கேட்டாள். அவர்தான் முதல் ஆள் என்றேன். சித்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்மை கலைகிறது என்று அம்மா அதட்டினாள். ஆனால் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். நியாயந்தான், அவர்களுக்கும் என்னைப்போல எரிச்சல் இருக்காதா என்று நான் நினைத்தேன்.

தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் அக்காள் பின்னால் வந்து நின்று இரண்டு முடிச்சுப் போட்டார். ஒதுக்குவதற்கு ஒன்றும் இல்லாத அந்தப் பிடரியில் அவர் கை ஒரு நிமிஷம் தங்கியது. வளையத்திலிருந்து நழுவியிருந்த குட்டை முடிகளை விரலால் எடுத்துப் பூவுக்கு அடியில் செருகினார்.

பந்தியில் அவர் என்னைத் தேடிக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவளே கோபித்துக்கொண்டால் எப்படி என்று கேட்டார். எனக்கு அடக்க முடியவில்லை.

“உங்களுக்குத்தான் அவ்வளவு முடி இருக்கே. நீங்க எதுக்கு இதைப் போட்டுக்கிட்டீங்க?”

“இருக்கதுனாலதான் போட்டுக்கிட்டேன்ட்டி” என்று சொல்லி அவர் என் இலையில் ஒரு அதிரசத்தை எடுத்து வைத்தார்.

எவ்வளவு கர்வம் என்று நினைத்தேன். அதிரசத்தைத் தொடாமல் எழுந்து போய், எதிர் வரிசையில் அவரைப் பார்க்காதபடி உட்கார்ந்துகொண்டேன்.