கல்லறைக்கும் கோயிலுக்கும் நடுவில் ஓர் ஆறு

எகிப்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது நான் இல்லை, என் மனைவி. குத்தம்பாக்கத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது சரித்திரப் புத்தகத்தில் ஒரு கோயிலின் தூண்களைப் பார்த்திருக்கிறாள். தூண்களுக்குக் கீழே மனிதர்கள் எறும்பு மாதிரி நின்றிருந்தார்களாம். கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்த புதிதிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். அதன்பிறகு எந்தப் பெரிய கோயிலுக்குப் போனாலும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது இத்தவிட பெர்சு" என்பாள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகுதான் கிளம்ப முடிந்தது. குமணன்சாவடியில் ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் பதிந்து, ஒரு கூட்டத்தோடு போனோம்.

லக்சர் நகரத்துக்கு ஒரே நாள்தான். காலையில் ஆற்றுக்கு மேற்கே அரசர்களின் கல்லறைகள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் படகில் ஆற்றைக் கடந்து, கிழக்குக் கரையில் அந்தக் கோயில். அன்றிரவே விமானம்.

முதலில் பார்த்த கல்லறைகள் அவளுக்குப் பிடித்திருந்தன. சுவரில் இருந்த நீலத்தையும் மஞ்சளையும் பார்த்து, போன பொங்கலுக்கு அடித்த வர்ணம் மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியாகப் போன கல்லறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஓர் இளம் அரசனின் உடல். வெள்ளைத் துணிக்கு வெளியே முகமும் பாதங்களும் கன்னங்கரேலென்று தெரிந்தன. அந்தப் பாதங்களையே அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேருந்தில் வந்து உட்கார்ந்ததும் கோயிலுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"பொணத்தப் பாத்துட்டு, தல முழுகாம கோயிலுக்குள்ள எப்டிங்க கால வெக்கிறது?"

அதை மூடநம்பிக்கை என்று நான் சொல்ல முடியாது. பக்கத்துத் தெருவில் சாவென்றாலும் குளித்துவிட்டுத்தான் நானும் வீட்டுக்குள் நுழைவேன். ஆனால் விடுதி அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டோம். குளிக்க இடமில்லை. இத்தனை வருடம் காத்திருந்தவள், கோயில் வாசல்வரை வந்து வெளியே உட்கார்ந்திருக்கப் போகிறாள்.

முன் இருக்கையில் இருந்த பூந்தமல்லிக்காரர் திரும்பினார். வழியெல்லாம் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவர்.

"யக்கா, அவரு செத்து மூவாயிரம் வருசம் ஆவுது. சொந்தக்காரனே எவனும் இல்ல. தீட்டு மட்டும் குந்திகினு கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் அசையவில்லை. அந்தக் கோயிலில் இப்போது சாமியே கிடையாது என்று அவர் மேலும் சொன்னபோது மட்டும் முகம் மாறியது.

"சாமி இல்லன்னா இன்னா நைனா? கும்ட்ட எடந்தான அது?"

மதியம் அவள் எதுவும் சாப்பிடவில்லை. எங்கள் வழிகாட்டி எகிப்துக்காரர், என் வயதிருக்கும். அவரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கோயிலுக்குள் ஒரு பெரிய குளம் இருக்கிறது, அந்தக் காலத்துப் பூசாரிகளும் அதில் முழுகிவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்றார். இப்போது அதில் யாரையும் இறங்க விடுவதில்லையாம்.

படகு நடு ஆற்றுக்கு வந்ததும் அவர் படகுக்காரரிடம் அரபியில் ஏதோ சொன்னார். எந்திரம் நின்றது. படகைக் கழுவ வைத்திருந்த வாளியைக் கயிற்றோடு என் கையில் கொடுத்தார் படகுக்காரர். அவள் ஓரப் பலகையில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். நான் மொண்டு மொண்டு ஊற்றினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு அம்மன் பேரைச் சொன்னாள்.

பூந்தமல்லிக்காரர் எழுந்து வந்து குனிந்தார். "அண்ணாத்தே, அப்டியே நம்ம தலைலயும் ஒண்ணு ஊத்து."

"மூவாயிரம் வருசம்னியே?" என்றாள் அவள்.

"எதுக்குக்கா வம்பு."

கோயிலுக்குள் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ஈரக் கூந்தலின் நுனியை முடிந்திருந்தாள். அதிலிருந்து சொட்டிய நீர், வெயிலில் காய்ந்துவிட்ட சேலையின் பின்புறத்தை மறுபடியும் நனைத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் ஒற்றை அறையில் குடியிருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை காலைகளில் இப்படித்தான் தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போவாள். முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பும் நான் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்ப்பேன். அந்தக் காட்சி எங்கள் வாழ்க்கையிலிருந்து எப்போது காணாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடியதும் இல்லை.

தூண்களுக்கு நடுவில் நின்று அவள் வெகுநேரம் அண்ணாந்திருந்தாள். பிறகு திரும்பினாள்.

"தூணப் பாருங்க. என்னிய இன்னாத்துக்குப் பாக்குறீங்க?"

"பாத்துகினுதான் கீறேன்" என்றேன்.